அழுக்குப் படாத கைகள்

சென்ற மாதம் ஆவூருக்குப் போயிருந்தேன். புதுக்கோட்டை ஜில்லாவில், விராலிமலைத் தாலுகாவைச் சேர்ந்த கிராமம் அது. பெரியநாயகி மாதா கோவிலால் பெயர் பெற்ற ஊர். ஆனால் நான் போனது கோவிலைப் பார்க்க அல்ல. என் நண்பர் ஒருவருக்குப் புத்தி சொல்ல.

நண்பர் ரிட்டயரான ஹெட்மாஸ்டர். கணக்கு வாத்தியார். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் அவருடைய மகன் எனக்குப் போன் செய்தான்.

"மாமா, அப்பா அந்தப் பழைய காரைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு மூணு வருஷமா மாட்டுக் கொட்டகையே கதின்னு கெடக்கிறாரு. பென்ஷன் பூரா அதுக்கே போகுது. இப்ப லீவுக்குப் போன என் பையனையும் அதுல இழுத்து விட்டுட்டாரு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

பிறருக்குப் புத்தி சொல்வது என்றால் யாருக்குத்தான் கசக்கும்? அடுத்த நாளே புறப்பட்டுவிட்டேன்.

கொட்டகையில் நண்பர் இல்லை. அதாவது, முழு நண்பர் இல்லை. இரண்டு கால்கள் மட்டும் ஒரு காரின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. என் குரல் கேட்டு மெல்ல ஊர்ந்து வெளியே வந்தார். கை முழுக்க மசகு. குலுக்க நீட்டிய என் கையைப் பார்த்துவிட்டுத் தம் முழங்கையை நீட்டினார். அவர் மனைவி காப்பியைக் கொடுத்துவிட்டு, "நீங்களாவது சொல்லுங்கண்ணே. ஜெபமாலை உருட்ட வேண்டிய வயசுல ஸ்பானரை உருட்டிக்கிட்டு இருக்காரு" என்றார்.

கார், 1967ம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வாசகர்களில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இங்கிலாந்தில் 1959ல் பிறந்த வண்டி. அதன் உருவத்தை வரைந்தவர் மிச்செலோட்டி என்ற இத்தாலியர். 1961லிருந்து சென்னைக்கருகே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் அதைச் செய்து விற்றார்கள். கம்பெனி 1980களின் இறுதியில் மூடிவிட்டது. வண்டிகள் மட்டும் ஆங்காங்கே கொட்டகைகளில் கிடக்கின்றன. வீட்டில் வைத்துப் பிரித்துப் பூட்ட இதைவிட வசதியான கார் கிடையாது என்கிறார் நண்பர். கீழே தனிச் சட்டம். மேலே உடம்பெல்லாம் போல்ட்டு போட்டுப் பூட்டிய துண்டுகள். பானெட் முழுவதும் முதலை வாயைப் போல முன்பக்கம் சாய்ந்துவிடும். முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம்.

வேகத்தில் பெரிய சூரன் அல்ல. நாற்பது குதிரை தேறினால் அதிகம். ஆனாலும் சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்த நாட்களில், ஹெரால்டும் ஓடியதுண்டு. வீட்டுக் காரையே கழற்றி மாட்டி, சீர் பண்ணிப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

நான் எடுத்து வந்த புத்திமதியை அவிழ்க்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எஞ்சினைக் கிளப்பினார்கள். கிளப்பியது பேரன், பதினைந்து வயது. எஞ்சின் ஓடியது, ஆனால் நொண்டியது. பேரன் பிளக்குக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினான். முதல் கம்பியைக் கழற்றியதும் எஞ்சின் தடுமாறியது. இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது சத்தத்தில் மாறுதலே இல்லை. "தாத்தா, மூணுதான் வேலை செய்யலை" என்றான். பிளக்கை மாற்றினார்கள், குணமில்லை. "டாப்பெட்டைப் பாக்கணும். எஞ்சின் ஆறட்டும்" என்றார் நண்பர்.

ஆறுவதற்கு வெகுநேரம் ஆயிற்று. ஆறிய பிறகு, தகட்டளவை எடுத்துப் பேரனிடம் கொடுத்தார். வால்வுக்கும் அதைத் தள்ளும் நெம்புகோலுக்கும் நடுவே ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பத்துப் பங்கு இடைவெளி இருக்க வேண்டும். கூடினால் தட்டும், குறைந்தால் வால்வு முழுக்க மூடாது, பலம் வெளியே ஓடிவிடும். நண்பருக்குக் கண்ணில் புரை. தகட்டில் பொறித்த எண் தெரியவில்லை. பையன் படித்தான்; செருகினான்; நுழையவில்லை. திருகைத் தளர்த்திச் சரிசெய்தான். மறுபடி கிளப்பியபோது நான்கு சிலிண்டரும் ஒரே குரலில் பாடின. சுருதி சேர்ந்த தம்புரா மாதிரி என்று நான் சொன்னால் சங்கீதக்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம். கோபிக்கட்டும்.

பையனின் முகத்தைப் பார்த்தேன். பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிய எந்தப் பையனின் முகத்திலும் நான் அந்தக் களையைக் கண்டதில்லை. கணக்கு, பௌதிகம், காது, கை நான்கும் ஒரே இடத்தில் கூடிய களை அது.

அன்று சாயங்காலம் மகன் வந்து சேர்ந்தான். ஜூன் மாதம் பையனை எங்கோ ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறானாம். அங்கே காலை ஐந்து மணியிலிருந்து இரவு பத்து மணி வரை படிப்புதானாம். நான் புத்திமதியை அவன் பக்கம் திருப்பினேன். பையன் இங்கே கற்பது விளையாட்டல்ல என்றேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "மாமா, உங்க பையனா இருந்தா விடுவீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால், நான் விடவில்லை.

என் தகப்பனார் காலமான பிறகு அவருடைய பியட் கார் இரண்டு வருஷம் வாசலில் நின்றது. என் மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பான். "படிக்கிற வேலையைப் பார்" என்று விரட்டினேன். ஒருநாள் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு வண்டியை எடைக்குப் போட்டேன். சாவியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். பையன் அழவில்லை, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அவன் இப்போது அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே 1960களில் 'மஸில் கார்' என்று ஒரு வகை வந்தது. புஜபலக் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தர அளவுக் காருக்குள் பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்தார்கள். 1964ல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ.வைத்தான் பலரும் அதன் மூத்த பிள்ளையாகச் சொல்வார்கள். போர்டு கம்பெனியின் மஸ்டாங்கும் அதே வருஷம் வந்தது. அந்தக் கார்களை வாலிபர்கள் வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்துப் பூட்டினார்கள், இன்றும் பூட்டுகிறார்கள். அவர்களில் டாக்டரும் உண்டு, வக்கீலும் உண்டு. என் மகன் ஒரு பழைய மஸ்டாங்கை வாங்கி, சனிக்கிழமை தோறும் பக்கத்து வீட்டுக்காரரிடம் வேலை கற்றுக்கொள்கிறான். நான் பன்னிரண்டு வயதில் தடுத்ததை நாற்பத்தைந்து வயதில் அயலாரிடம் படிக்கிறான். மசகு படிந்த கைகளைப் படம் எடுத்து அனுப்பி, "தாத்தா வண்டி இருந்திருந்தா நல்லா இருக்கும்" என்று ஒரு வரி எழுதியிருந்தான்.

நமக்கு என்ன வியாதி? சொல்லிவிடுகிறேன். கை அழுக்கானால் கௌரவம் அழுக்காகிவிடும் என்ற வியாதி. கையால் உழைக்கிறவனைக் கீழே வைத்து, காகிதத்தால் பிழைக்கிறவனை மேலே வைத்த பழைய ஜாதிப் புத்திதான் அது. இங்கிலீஷ் படிப்பு வந்தபோது சட்டை மாற்றிக்கொண்டு கூடவே வந்துவிட்டது. மகன் மெக்கானிக்கல் எஞ்சினீயரிங் பட்டம் பெற்றால் சர்க்கரைப் பொங்கல் வைக்கிறோம். அதே மகன் ஸ்பானரைத் தொட்டால் சோப்பை எடுத்து நீட்டுகிறோம்.

பிறரை மட்டும் சொல்வானேன்? நானும் எத்தனையோ நாவல் எழுதிவிட்டேன். அவற்றில் மெக்கானிக் வராமல் இல்லை. கார் நடுவழியில் நின்றால் வருவான். கதாநாயகனும் நாயகியும் மரத்தடியில் பேசி முடிக்கும் வரை ரிப்பேர் செய்வான். காசு வாங்கிக்கொண்டு போய்விடுவான். அவனுக்கு நான் ஒரு பெயர்கூட வைத்ததில்லை. நீங்களும் கேட்டதில்லை.

ஆட்சேபணைகள் எனக்குத் தெரியாதவை அல்ல. பழைய கார் புகை கக்கும் என்பார்கள். கக்கும், கவனியாமல் விட்டால். புகையைக் குறைப்பதற்குத்தானே இந்த ஆயிரத்தில் பத்துப் பங்குக் கணக்கு? பத்திரக் குறைவு என்பார்கள். உண்மை. அந்தக் கால பிரேக்கை நம்பி இந்தக் காலத்து நாற்கரச் சாலையில் பறப்பவன் முட்டாள். என் நண்பர் முட்டாள் அல்ல. பணக்காரர்கள் ஆள் வைத்துப் பளபளப்பாக்கிக் கண்காட்சியில் நிறுத்துகிறார்களே என்பார்கள். அவர்களுக்காக நான் வாதாடவில்லை. காசு கொடுத்து வாங்கிய பளபளப்பு வேறு, நகக்கண்ணில் ஏறிய மசகு வேறு.

ஐம்பது வயதைத் தாண்டியும் உருவம் குலையாத வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்துகொள்ள 2021ல் மத்திய சர்க்காரே விதி செய்திருக்கிறது, 'வி.ஏ.' என்று தனி நம்பர் வரிசை, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், தினசரி ஓட்டக் கூடாது என்று நிபந்தனை. சர்க்காரே மரியாதை கொடுத்துவிட்டது. குடும்பம்தான் பாக்கி.

பழையதைப் புதுக்குவது நமக்குத் தெரியாத வித்தையும் அல்ல. திருவாரூர் ஆழித் தேர் 1920களில் தீக்கு இரையாயிற்று. கிடந்து போகட்டும் என்றா விட்டோம்? மறுபடி செய்தோம். பிற்பாடு திருச்சி பெல் தொழிற்சாலையார் இரும்பு அச்சும், சக்கரமும், ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து பூட்டினார்கள். மரம் புதிது, அச்சு புதிது, சக்கரம் புதிது. ஆனாலும் அதே தேர்தான். யாரும் அதை விறகு எடைக்குக் கேட்கவில்லை. அந்தப் பெல் தொழிற்சாலைக்கு வேலை செய்து கொடுக்கும் பட்டறைகள் ஆவூருக்குப் பக்கத்தில் மாத்தூரிலேயே இருக்கின்றன. பையனைக் காலேஜில் போட்டு, நாலு வருஷம் கழித்து அங்கே பயிற்சிக்கு அனுப்புவார்கள். தாத்தாவின் கொட்டகையில் மட்டும் அவன் ஸ்பானரைத் தொடக் கூடாது!

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு கல்லூரியிலா யந்திரம் படித்தார்? ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் போட்டுப் படித்தார்; 1920ல் ஒரே பஸ்ஸோடு பொள்ளாச்சி-பழனி சாலையில் இறங்கினார். அதே ஊர் கரிவரதன் 1980களில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை ஆள் பந்தய வண்டி அமைத்தார். அந்த வகை வண்டியில் பந்தயம் தொடங்கிய நாராயண் கார்த்திகேயன் 2005ல் பார்முலா 1 வரை போனார். எல்லாப் பையன்களும் அப்படி ஆவார்கள் என்று சொல்லவில்லை. ஆக வேண்டியதும் இல்லை. ஒரு யந்திரம் ஏன் நின்றது, எப்படி ஓடியது என்று தன் கையாலேயே கண்டுபிடித்த ஒருவன் அப்புறம் வாழ்க்கையில் எதைக் கண்டும் சுலபத்தில் மிரள மாட்டான். எனக்கு அது போதும்.

மறுநாள் காலை ஹெரால்டை வெளியே எடுத்தார்கள். கோவில் வரை போய்த் திரும்பினோம். நண்பர் ஓட்டினார், பேரன் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தான், நான் பின்னால். மகன் வரவில்லை. திரும்பி வந்தபோது வாசலில் நின்றிருந்தான். பையனின் விரல்களைப் பார்த்து, "போய்ச் சோப்புப் போட்டுக் கழுவு" என்றான். பையன் போனான். பிறகு மகன், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, சூடான பானெட்டின் மேல் ஒரு கணம் கையை வைத்து எடுத்தான்.

ஜூன் மாதம் பையன் ஹாஸ்டலுக்குப் போகத்தான் போகிறான். என் பேச்சு அதைத் தடுக்கவில்லை. உங்கள் வீட்டு வாசலிலும் துருப்பிடித்த ஏதோ ஒன்று நிற்கலாம்: கார், ஸ்கூட்டர், தையல் மிஷின், எதுவானாலும் சரி. இரும்புக்காரரைக் கூப்பிடுமுன், வீட்டுக் குழந்தையை ஒரு தடவை அதைப் பிரித்துப் பார்க்க விடுங்கள். கெட்டுப்போனால் போகட்டும், எடை குறையாது.