மோட்டார் உன்னுடையது, தண்ணீர் யாருடையது?

டீக்கடையில் ஒரு டீ வாங்குகிறீர்கள். காசு கொடுக்காதவனுக்குக் கடைக்காரர் கிளாசை நீட்ட மாட்டார். நீங்கள் குடித்துவிட்டால் அந்த டீ அடுத்தவனுக்கு இல்லை. ("ஒன் பை டூ" பிரியர்கள் கோபிக்க வேண்டாம். பாதியாகப் பிரித்தாலும் கணக்கு அதேதான்.)

பஸ் ஸ்டாண்டு விளக்கு அப்படியா? அந்த வெளிச்சத்தில் நீங்கள் பஸ் நம்பரைப் பார்த்தால் எனக்கு வெளிச்சம் குறைந்துவிடாது. "வரி பாக்கி வைத்தவனே, கண்ணை மூடு" என்று நகராட்சி சொல்லவும் முடியாது. நம் பெரிய கோவில் விமானமும் இந்த ரகம்தான். 1010-ம் ஆண்டு முதல் ஊரே அண்ணாந்து பார்க்கிறது. தேய்ந்தா போயிற்று?

சினிமா கொட்டகை மூன்றாவது ரகம். டிக்கெட் இல்லாதவனை வாசலிலேயே நிறுத்தலாம். உள்ளே நூறு பேர் இருந்தாலும் இருநூறு பேர் இருந்தாலும் படம் ஒன்றுதான். சீட்டு நிறைந்தால் அது வேறு கதை.

பொருளாதார நிபுணர்கள் உலகத்துப் பொருள்களை எல்லாம் இப்படி இரண்டே கேள்வியில் பிரிக்கிறார்கள். மற்றவனைத் தடுக்க முடியுமா? ஒருவன் எடுத்தால் மற்றவனுக்குக் குறையுமா? இரண்டு கேள்வி, நாலு ரகம். நாலாவதுதான் வில்லங்கம் பிடித்தது. யாரையும் தடுக்கவும் முடியாது, எடுக்க எடுக்கக் குறையவும் செய்யும்.

தஞ்சை மண்ணுக்கு அடியில் கிடக்கும் தண்ணீர் அந்த ரகம்.

"அண்ணே, உங்க போரு ஓடினா எங்க பில்டர் பாயிண்டு காத்துதான் இழுக்குது."

"என் நிலம், என் மோட்டாரு. உனக்கென்ன தம்பி அதுல?"

இந்தப் பேச்சு டெல்டாவில் எந்தக் கிராமத்துக்கும் புதிது அல்ல. அண்ணன் சொல்வதில் சட்டப்படி தப்பு இல்லை. வெள்ளைக்காரன் 1882-ல் போட்ட வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்துக்கு அடியில் உள்ள தண்ணீரை எடுத்துக்கொள்ள நிலத்துக்காரனுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. ஆனால் மேலே வரப்பு இருக்கிறது, அடியில் மணலுக்கு வரப்பு ஏது? இந்த வயலுக்கு அடியில் இறைத்தால் அடுத்த வயலுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஊர்ந்து வரும்.

அப்புறம் என்ன ஆகும்? தம்பியும் கடன் வாங்கி ஆழ போர் போடுவான். அண்ணன் அதைவிட ஆழமாகப் போவார். "நாளைக்கு இருக்கட்டும்" என்று இன்றைக்கு மோட்டாரை நிறுத்துகிறவன் ஏமாளி ஆகிறான். அவன் மிச்சம் வைத்ததைப் பக்கத்து வயல்காரன் இறைத்துவிடுவானே! பேராசை இல்லாத மனுஷனையும் இந்த நாலாவது ரகம் இப்படித்தான் ஓட வைக்கிறது. கடன் கிடைக்காத சிறு விவசாயி முதலில் விழுகிறான். பிறகு பக்கத்துப் போர்க்காரரிடமே மணிக்கணக்கில் தண்ணீரை விலைக்கு வாங்குகிறான்.

வாய்க்கால் தண்ணீரும் இதே ரகம்தானே என்று கேட்கலாம். ஆமாம். தலைமடையில் அதிகம் எடுத்தால் கடைமடை காயும். ஆனால் அங்கே முறை உண்டு, மதகு உண்டு, ஷட்டரைத் தூக்கி இறக்க லஸ்கர் உண்டு. முறை தப்பினால் சண்டை போடவாவது ஆள் உண்டு. மண்ணுக்குள்ளே லஸ்கர் ஏது?

விவசாயியை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டு, ஜூன் 12-ந் தேதி மேட்டூர் அணை குறுவைக்குத் திறக்கப்படவில்லை. ஆற்றில் வராததை மண்ணில்தான் தேட வேண்டியிருந்தது. பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் கொடுத்ததும் அரசுதான். அதைப் பிடுங்கு என்று நாம் சொல்லவில்லை. குறுவை நட்டவன் வயிற்றில் அடிக்க முடியாது. ஆனால் மோட்டாரை நிறுத்த ஒரு காரணமும் இல்லாமல் போனதும் உண்மைதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2018 பிப்ரவரி 16-ந் தேதி காவிரி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. நடுவர் மன்றம் 2007-ல் நமக்கு ஒதுக்கிய 419 டி.எம்.சி.யை 404.25 ஆகக் குறைத்தது. குறைந்த 14.75-ல் 10 டி.எம்.சி. எதற்கு? "உங்கள் டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறதே" என்பதற்கு!

அதாவது, நம் வயலுக்கு அடியில் கிடக்கும் தண்ணீர் டெல்லியில் கணக்கில் ஏறிவிட்டது. ஆற்றுத் தண்ணீரில் கழித்தும் ஆகிவிட்டது. ஊருக்குள் மட்டும் அதற்குக் கணக்குப் பிள்ளை இல்லை.

சட்டம் போட்டுப் பார்க்காமல் இல்லை. சென்னை வட்டாரத்துக்கு 1987-லேயே நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. மாநிலம் முழுமைக்கும் 2003-ல் சட்டசபை ஒரு சட்டம் நிறைவேற்றியது. அது ஒரு நாள்கூட நடைமுறைக்கு வரவில்லை. பத்து வருஷம் தூங்கிவிட்டு 2013-ல் ரத்தாயிற்று.

அமெரிக்காவில் எலினோர் ஆஸ்ட்ராம் என்று ஒரு அம்மாள். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண்மணி, ஆண்டு 2009. இந்த நாலு கட்டத்தைக் கணவரோடு சேர்ந்து 1977-ல் போட்டுக் காட்டியவர். அவர் டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட விஷயம் என்ன தெரியுமா? லாஸ் ஏஞ்செல்ஸ் கடலோரத்து நிலத்தடி நீர்!

அங்கேயும் ஆளாளுக்கு இறைத்தார்கள். உள்ளே நல்ல தண்ணீர் இறங்க இறங்கக் கடல் நீர் புகுந்தது, கிணறுகள் உப்புக் கரித்தன. 1945-ல் கோர்ட்டுக்குப் போனார்கள். அப்புறம் இறைப்பவர்களே உட்கார்ந்து பேசி, ஆளுக்கு இவ்வளவு என்று குறைத்துக்கொண்டார்கள். பார்த்துக்கொள்ள ஓர் அதிகாரி. யார் எவ்வளவு இறைத்தார் என்று வருஷா வருஷம் அவர் அறிக்கை போடுவார். "நான் குறைத்தேன், அவன் குறைத்தானா?" என்ற சந்தேகத்துக்கு அதுதான் மருந்தாயிற்று. கடலோரத்தில் நல்ல தண்ணீரை மண்ணுக்குள் செலுத்தி உப்புக்குத் தடுப்பும் கட்டினார்கள்.

வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இந்தக் கதை அந்நியம் அல்ல.

நம் நீர்வளத் துறையும் கண்காணிப்புக் கிணறுகளில் மாதாமாதம் மட்டம் அளக்கிறது. அந்த எண் எங்கே போகிறது? பைலுக்கு. போர் போட்டவருக்கும் தெரியாது, போடப் போகிறவருக்கும் தெரியாது.

ரேஷன் கடையில் அரிசி இருப்பு எவ்வளவு என்று போர்டு வைக்கிறோம். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலிலும் ஒரு போர்டு வைக்கட்டும். போன மாதம் எத்தனை அடியில் தண்ணீர், இந்த மாதம் எத்தனை அடி, ஊரில் மொத்தம் எத்தனை போர் என்று எழுதட்டும். புதுப் போருக்கும் பழைய போருக்கும் எவ்வளவு இடைவெளி என்பதைக் கிராமசபையில் வைத்துப் பேசட்டும். போர்டுக்கு ஒரு டப்பா பெயிண்டும் பிரஷும் போதும். அடுத்த ஜூன் 12-க்குள் இதைச் செய்வதற்குக் கலெக்டர்களுக்கு என்ன தடை?