பூ முடிந்ததும் வாடும் தொட்டிச்செடி

கேள்வி: "கட்டிக்கொடுத்த மகள் தலைத்தீபாவளிக்கு வந்தபோது, நடுவில் சிவப்பு நட்சத்திரம் மாதிரிப் பூவுள்ள செடி ஒன்றைத் தொட்டியோடு வாங்கி வந்தாள். 'குஸ்மேனியா' என்று சீட்டு ஒட்டியிருந்தது. நாலு மாதம் நன்றாக இருந்தது. இப்போது பூ காய்ந்து இலையும் வாடுகிறது. இலைக் குழிக்குள் ஒரு கரண்டி யூரியா போட்டும் தேறவில்லை. 'வாடின செடி வீட்டுக்குள் ஆகாது, தூக்கிப் போடு' என்கிறார் மாமியார். குழித் தண்ணீரில் கொசுப்புழு இருப்பதாகச் சுகாதாரப் பணியாளரும் கோபித்துக்கொண்டார். பிழைக்க வைக்க வழி உண்டா?"
- வாசகி, பாபநாசம், திருநெல்வேலி மாவட்டம்.

பதில்: தாய்ச்செடியைப் பிழைக்க வைக்க முடியாது. பூ காய்ந்ததற்கு வாசகி காரணமும் இல்லை. தாமிரபரணிப் பாசனத்தில் வாழை போடும் குடும்பங்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஏத்தன் வாழை ஒரு முறைதான் குலை தள்ளும். பிறகு தாய்மரம் போய்விடும், பக்கக்கன்று எழும். குஸ்மேனியாவும் அப்படித்தான். ஒரே பூ, அது முடிந்தபின் தாய் பல மாதங்களில் மெல்லக் காயும். அதற்குள் அடியில் கன்று வரும். இப்போது குப்பையில் போட்டால் கன்றும் சேர்ந்து போகும்.

இது அன்னாசியின் குடும்பம். சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்து மழைக்காடுகள். அங்கே பெரும்பாலும் மரக்கிளையில் தொற்றி வளரும். மாமரத்துப் புல்லுருவி போல மரத்தின் சாற்றை உறிஞ்சாது. வேர் முக்கியமாகப் பிடிமானத்துக்குத்தான். இலைகள் கூடுமிடத்தில் உள்ள கிண்ணத்தில் தேங்கும் மழைநீரும், அதில் விழுந்து மட்கும் சருகுமே சாப்பாடு. அப்படிப்பட்ட செடிக்கு ஒரு கரண்டி யூரியா என்பது பச்சைக் குழந்தைக்கு உப்பை அள்ளிக் கொடுத்த மாதிரி. தொட்டியைச் சாய்த்து, கிண்ணத்தை நல்ல நீரால் நாலைந்து முறை கழுவிவிட வேண்டும். தொட்டிக் கலவையிலும் நீர் விட்டு வடிய விடுவது நல்லது.

கொசு விஷயத்தில் சுகாதாரப் பணியாளர் சொன்னது சரி. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இவ்வளவு சிறிய கிண்ணமே போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான். நாலு நாளுக்கு ஒரு முறை கவிழ்த்துப் புதுநீர் விட வேண்டும். காய்ச்சல் காலத்தில் கிண்ணத்தை வெறுமையாகவே வைத்து, கலவையை மட்டும் ஈரமாக வைத்தாலும் செடி சாகாது. மண்ணெண்ணெய் ஊற்றினால் கொசுவோடு செடியும் போகும்.

மழைநீர் மிக நல்லது, ஆற்றுநீரும் ஆகும். உப்பான ஆழ்குழாய்த் தண்ணீர் இலையில் வெள்ளைப் படலம் விடும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: இந்தக் குடும்பத்துக்குச் செம்பு ஆகாது. செம்புக் குடத்தில் இரவெல்லாம் இருந்த நீரை இதற்கு விட வேண்டாம். தோட்டத்துக்கு அடித்து மிஞ்சிய போர்டோ கலவை, காப்பர் ஆக்சிகுளோரைடு எதுவும் இதன் மேல் படக் கூடாது.

கன்று தாயின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது வளரும்வரை பொறுக்க வேண்டும். இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். பிறகு கூரிய கத்தியால் அடியோடு அறுத்து, ஒரு நாள் நிழலில் காயப்போட்டு நடலாம். வயல் மண் வேண்டாம், வேர் அழுகிவிடும். தேங்காய் மட்டையைப் பொடித் துண்டாக நறுக்கி, இரண்டு நாள் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுக் கரித்துண்டும் கொஞ்சம் ஆற்றுமணலும் சேர்த்தால் போதும். தொட்டி சிறியதாக இருக்கட்டும். வெளிச்சம் வரும் ஜன்னலோரம் சரியான இடம். சித்திரை வெயில் நேரே பட்டால் இலை கருகும். வேர் பிடித்தபின் உரம் போட ஆசைப்பட்டால், லிட்டருக்கு அரை கிராம் 19:19:19 கரைத்து, மாதம் ஒரு முறை கலவையில் மட்டும் விடலாம்.

கன்று பூக்க ஒன்றரை ஆண்டு முதல் மூன்று ஆண்டு ஆகும். முழு வளர்ச்சி வந்தும் பூக்காவிட்டால், கிண்ணத்து நீரைக் கொட்டிவிட்டு, நன்கு பழுத்த இரண்டு வாழைப்பழங்களைத் தொட்டியருகே வைத்துப் பாலித்தீன் பையால் ஒரு வாரம் மூடி நிழலில் வைக்கலாம். பழம் விடும் எத்திலீன் வாயு பூவைத் தூண்டும். அன்னாசி விவசாயிகள் குருத்தில் எத்ரல் கரைசல் ஊற்றுவதும் இதே காரணத்துக்குத்தான். பூ தெரிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்.

பெரும்பாலும் இரண்டு மூன்று கன்றுகள் வரும். ஒன்றை மகள் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதானால், கிண்ணத்து நீரை வடித்து, இலைகளைக் கூட்டி, நியூஸ் பேப்பரைக் கூம்பாகச் சுற்றிக் கொடுத்தால் பஸ்ஸில் ஒடியாமல் போய்ச் சேரும்.