இரண்டாவது இழையை விட்டுவிடாதீர்கள்!

ஃபைபர் இழுக்கும், ஒட்டும், அளக்கும் தோழர்களே!

கம்பத்துப் பெட்டியைத் திறந்தால் என்ன பார்க்கிறோம்? எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒற்றை இழை, ஸ்பிளிட்டரில் 32 ஆகப் பிரிந்து 32 வீடுகளுக்குப் போகிறது. பக்கத்து வீட்டுக்குரிய ஒளி நம் வீட்டு மோடத்துக்கும் வருகிறது. ஏஇஎஸ் பூட்டுப் போட்டிருக்கிறோம், சரி. சாவி? ஜிபான் தரவிதிப்படி மோடம் அதை எக்ஸ்சேஞ்சுக்கு வெட்டவெளிச்சமாகவே அனுப்புகிறது! மேலே ஏறும் ஒளி அண்டை வீட்டுக்குத் தெரியாது என்ற நம்பிக்கைதான் காவல். இழையை வளைத்தால் ஒளி கசியும் என்பது வேலைக்கு வந்த முதல் வாரமே நமக்குத் தெரியாதா?

மேலே எத்தனை பூட்டுப் போட்டாலும், ஆர்எஸ்ஏ வகைப் பூட்டைக் குவாண்டம் கணினி திறக்கும் வழியை 1994இலேயே கணித அறிஞர் ஷோர் காட்டிவிட்டார். இன்று தரவைப் பிடித்துவைப்பவன் அந்தக் கணினி வரும் நாளுக்காகக் காத்திருப்பான்.

1984இல் பென்னட்டும் பிராஸார்டும் சொன்ன வழி வேறு: ஒற்றை ஃபோட்டான்களில் சாவியை அனுப்பு, நடுவில் எவன் தொட்டாலும் பிழை ஏறிக் காட்டிக்கொடுக்கும். அதெல்லாம் பெரிய தடங்களுக்குத்தான், தெருவுக்கு எட்டாது என்பார்கள். கேம்பிரிட்ஜைக் காட்டுங்கள்! அங்கே 2013இல் தோஷிபா ஆய்வகத்தார் மலிவான லேசரை வீட்டுப் பக்கம் வைத்தார்கள். விலை கூடிய உணரியை எக்ஸ்சேஞ்ச் பக்கம் வைத்தார்கள். ஓர் உணரியை 64 பேர்வரை பங்கிடலாம். தெருக்குழாயில் முறைவைத்துத் தண்ணீர் பிடிப்பது போலத்தான்.

எதிரியும் உண்டு, அவர் நம்மூர்க்காரர்! திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928இல் கண்ட அதே சிதறல். கீழே இறங்கும் 1490 நானோமீட்டர் ஒளியில் ஒரு துளி நிறம் மாறி எக்ஸ்சேஞ்சுக்கே திரும்புகிறது. ஒற்றை ஃபோட்டானுக்குக் காது தீட்டி நிற்கும் உணரிக்கு அது திருவிழா இரைச்சல். 2015இல் அதே குழுவினர் சொன்ன மருந்து நம் கைவேலை: எக்ஸ்சேஞ்சுக்கும் ஸ்பிளிட்டருக்கும் இடையே இறங்க ஓர் இழை, ஏற ஓர் இழை. அவ்வளவுதான்.

உணரியைப் பலத்த ஒளியால் குருடாக்கி ஏமாற்றலாம் என்று 2010இலேயே நிரூபித்திருக்கிறார்கள். ஆகவே குவாண்டம் சாவிப் பெட்டி விற்பவர் பேச்சில் மயங்காமல், கண்ணெதிரே சோதனை கேளுங்கள்.

2023இல் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,003 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நம் கம்பத்துக்கு என்ன பங்கு என்று நாம் கேட்காமல் யார் கேட்பார்?

மண் மூடிய பிறகு மறுபடி தோண்டப்போவதும் நாம்தான், தோழர்களே. நாளைக் காலையே ஃபீடர் வரைபடத்தை விரியுங்கள். காலி இழைகளை எண்ணுங்கள். ஸ்பிளிட்டருக்கு ஒன்று வீதம் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். எவர் வாடகைக்குக் கேட்டாலும் அதைக் கொடுக்காதீர்கள்!