பட்டம் சூட்டினால் பறவை பிழைக்குமா?

ஒரு பறவை அருகிவருகிறது என்றாலே, அதைத் தேசியப் பறவையாகவோ மாநிலப் பறவையாகவோ அறிவித்தால் பிழைத்துவிடும் என்கிறார்கள். அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. மூன்றுமே நிற்பவை அல்ல.

‘1963-இல் தேசியப் பறவையானதால்தான் மயில் பெருகியது’ என்பது முதல் காரணம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மயிலை முதல் அட்டவணையில் வைத்தது. புல்வெளிப் பறவையான கானமயிலும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது. ஒன்று பெருகியது, மற்றொன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. வேறுபாடு வாழும் முறையில்தான். மயில் தானியம், பூச்சி, பாம்புக்குட்டி எதையும் தின்று வயலோரத்திலும் ஊருக்குள்ளும் வாழும். முருகனின் வாகனம் என்று அதன்மேல் கைவைக்கத் தயங்குவோரும் உண்டு. கானமயிலுக்கோ புல்வெளி வேண்டும்.

‘சின்னமானால் மக்களுக்கு அக்கறை வரும்’ என்பது இரண்டாவது. வெண்தலைக் கழுகு 1782-இலேயே அமெரிக்காவின் அரசு முத்திரையில் ஏறிவிட்டது. ஆனாலும் 1963-இல் அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக அந்நாட்டில் எஞ்சியவை சுமார் 417 இணைகளே. வயலில் தெளித்த டி.டி.டி. பூச்சிக்கொல்லி நீரில் கலந்து, மீன் வழியாகக் கழுகின் உடலில் சேர்ந்தது. முட்டை ஓடு மெலிந்து, அடைகாத்த தாயின் எடை தாங்காமலே நொறுங்கியது. 1972-இல் டி.டி.டி.யைத் தடைசெய்த பிறகே கூடுகளில் குஞ்சுகள் பெருகின. 2007-இல் ஆபத்துப் பட்டியலிலிருந்தும் கழுகு நீங்கியது. சட்டப்படி தேசியப் பறவை என்ற பட்டம் கிடைத்ததோ 2024 டிசம்பரில்தான். பிழைத்தது முதலில், பட்டம் பிறகு.

‘பட்டம் கொடுத்த அரசு வாழிடத்தையும் காக்கும்’ என்பது மூன்றாவது. ராஜஸ்தான் 1981-இலேயே கானமயிலை மாநிலப் பறவையாக்கியது. இன்று உலகில் மிஞ்சியவை ஏறக்குறைய 150. பெரும்பாலானவை ஜெய்சால்மர் பக்கம். அவை வாழும் புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைக்க, அங்கே காற்றாலைகளும் சூரிய மின் நிலையங்களும் அவற்றின் மின்கம்பிகளும் வந்துவிட்டன. கானமயிலின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்தவை. பறக்கையில் நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. கம்பி கண்ணில் படும்போது, அந்தக் கனத்த உடலைச் சட்டென்று திருப்ப முடியாது. வெறுந்தரையில் பெரும்பாலும் ஒற்றை முட்டையே இடும் இனத்தில், ஒரு தாய் கம்பியில் அடிபட்டால் அந்த இழப்பு ஈடாக ஆண்டுகள் ஆகும்.

ஆகவே பட்டம் கேட்டு மனு எழுதுவோர், எந்த நஞ்சை நிறுத்த வேண்டும், எந்தக் கம்பியைப் புதைக்க வேண்டும், எந்தப் புல்வெளியை விட்டுவைக்க வேண்டும் என்பதை முதலில் எழுதட்டும். பறவைக்கு உயிர் தருவது அந்த வரிகள்தான்.