புல்லுக்கும் ஓய்வு கொடுங்கள்

ஆடு மேய்ந்த இடத்தில் சில நாட்களில் பச்சை துளிர்த்ததும், ஆட்டை மறுபடியும் அங்கேயே கட்டிவிடுகிறோம். அந்தத் துளிர் எதனால் வளர்ந்தது தெரியுமா? பெரும்பாலும் அடித்தண்டிலும் வேரிலும் முன்பே சேமித்திருந்த சத்தினால்தான்! உழைப்பவர் நோயில் விழுந்தால், வீட்டுச் சேமிப்பை எடுத்துச் செலவழிப்பதில்லையா? அதுபோலத்தான்.

இலையில் பாதிக்கு மேல் போனால் வேரின் வளர்ச்சி தடைப்படும் என்பதை 1955இல் அமெரிக்க ஆய்வாளர் கிரைடர் எடுத்துக்காட்டினார். புதிய இலைகள் விரிந்து உணவு தயாரித்த பின்னரே, வேர் மண்ணிலிருந்து நைதரசனைப் பழையபடி உறிஞ்சும். அதற்குள் மீண்டும் மீண்டும் கடிபட்டால் சேமிப்புத் தீர்ந்து புல் நலியும், களை மண்டும், ஆட்டுக்குத் தீனியும் நமக்குப் பாலும் குறையும்.

எனவே கயிற்றை இடம் மாற்றிக் கட்டுங்கள். இலைகள் நன்றாக விரியும்வரை பொறுங்கள். ஆனால் முற்றவும் விடாதீர்கள், நார் மிகுந்து சத்துக் குறையும். புழுக்கை அங்கேயே கிடக்கட்டும். அது மண்ணுக்குத் திரும்பும் உணவு.