அளந்தறிதலின் இன்றியமையாமை

விளக்கின் சுடரூடே விரலை விரைந்து செலுத்தின் சுடுவதில்லை. சற்றே தாமதிப்பின் சுட்டுவிடும். சுடரின் வெப்பநிலை ஈரிடத்தும் ஒன்றே. விரல் ஏற்ற வெப்பமே வேறு. இவ்வேறுபாட்டை உணராதார், அதிவேக விமானங்களைப்பற்றிப் பேசுங்கால், காற்றின் வெப்பநிலையைக் கணக்கிட்டுவிட்டால் எல்லாம் முடிந்ததெனக் கருதுகின்றனர். கணிப்பொறிகள் பெருகிய இக்காலத்தில் காற்றுச் சுரங்கங்கள் அமைத்துச் சோதிப்பது வீண் செலவு என்பாரும் உளர். அக்கொள்கை எமக்கு உடன்பாடன்று.

ஒலியினும் பன்மடங்கு விரைந்து செல்லும் விமானத்தின்முன் காற்று நெருக்குண்டு பெரிதும் சூடேறுகின்றது. அவ்வெப்பத்தில் ஒவ்வொரு நொடியும் எவ்வளவு மேற்பரப்பினுள் புகும் என்பதே நாம் அறியத்தக்கது. வெப்பமானியைப் பார்த்த மாத்திரத்தில் அது விளங்காது. மெல்லிய உலோகத் தகட்டின் உட்புறத்தில் இருவகைக் கம்பிகளைப் பற்றவைத்து, தகடு எத்துணை விரைவிற் சூடேறுகின்றதெனக் குறித்து, அதனைத் தகட்டின் கனம், அடர்த்தி, தன்வெப்பம் என்பவற்றாற் பெருக்கிக் காண்பது ஒரு முறை. நொடியின் சிறு கூறே நிகழும் சோதனைகளில், கண்ணாடிமேற் பூசிய பிளாட்டினப் படலத்தின் மின்தடை மாறுவதைக் கொண்டு காண்பது மற்றொரு முறை.

இனி இவ்வளவையின் பயன் கூறுவாம். அமெரிக்க நாட்டின் எக்ஸ்-15 விமானங்கள் 1959 முதல் 1968 வரை பறந்தன. அவற்றின் தகட்டிற் பதித்த கம்பிகள், கணக்கு உரைத்ததினும் குறைந்த வெப்பமே பல இடங்களிற் புகுவதைக் காட்டின. அங்கே கணக்கு மிகைபடக் கூறிற்று. ஆயின், 1967 அக்டோபர் 3-ஆம் நாள் நிகழ்ந்தது வேறு. அன்று வில்லியம் நைட் என்பார் அவ்விமானங்களுள் ஒன்றை ஒலியினும் 6.7 மடங்கு வேகத்திற் செலுத்தினார். அதன் வாலின்கீழ் மாதிரி ராம்ஜெட் எஞ்சின் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதனின்றும் எழுந்த அதிர்ச்சி அலைகள் அதனைத் தாங்கிய தண்டின்மேல் மோதின. மோதிய குறுகிய இடங்களில் வெப்பம் மிக்கு உலோகத்தைத் துளைத்தது. எஞ்சினும் கழன்று வீழ்ந்தது. விமானி உயிர் தப்பி இறங்கினார். அவ்விமானம் மீண்டும் பறக்கவில்லை. இத்தகைய மோதல்களைச் சுவீடன் நாட்டுக் காற்றுச் சுரங்கத்தில் அளந்து ஆய்ந்த பாரி எட்னி என்பார், அவற்றை ஆறு வகையாகப் பகுத்து 1968-இல் வெளியிட்டார்.

அளவையும் பொய்க்குமன்றோ எனின், பொய்க்கும். தகட்டின் வெப்பம் பக்கவாட்டிற் பரவுதலால் உச்சம் குறைந்து தோன்றும். இரு கம்பிகளுக்கிடையே விரலகலத்தில் மூண்ட வெப்பத்தை அவ்விரண்டும் அறியா. ஆதலின், எங்கே அளப்பது என்பதைக் கணக்குக் காட்டுக. கணக்கு மெய்யோ என்பதை அளவை உரைக்குக. ஒன்று மற்றொன்றின் இடத்தைக் கவர்தல் தகாது.

இலக்கியம் பயிலும் யாம் ஊகித்த பாடம் பிழைப்பின் ஏட்டில் ஒரு வரி கெடும். இங்கு ஊகம் பிழைப்பின் ஓருயிர் கெடும். அளத்தற்காகும் செலவை வீணென்பார் இதனைச் சிந்திப்பாராக.