பெட்டியில் ஏறக் கூடாதது

மைசூர் விஜயநகரில் ஒரு வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவன், மனைவி. வெளிநாட்டில் இருக்கும் மகன் அண்டார்க்டிக் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். கட்டில் மேல் இரண்டு பெட்டிகள் வாய் பிளந்து கிடக்கின்றன. "ஏங்க, ஊட்டிக்குப் போறப்ப வாங்கின ஸ்வெட்டர் போதுமா?" என்று ஆரம்பிக்கிறார் மனைவி.

குழப்பத்தில் பாதி நம் மொழியிலேயே இருக்கிறது. மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்பதும் பனி. துருவத்தில் கிலோமீட்டர் கணக்கில் கெட்டிப்பட்டுக் கிடப்பதும் பனி. எனவே, ஒன்று குரங்குக் குல்லா போதும் என்ற அலட்சியம். இல்லாவிட்டால் மைனஸ் 40 டிகிரி என்ற பீதி. இரண்டும் தப்பு. சுற்றுலாக் கப்பல்கள் போவது நவம்பர் முதல் மார்ச் வரை, அதாவது அங்கே கோடையில். பெரும்பாலும் போவது தென் அமெரிக்காவை நோக்கி நீண்டிருக்கும் தீபகற்பப் பகுதிக்கு. அப்போது வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். ஆளை வாட்டுவது காற்றும் ஈரமும்தான்.

ஆகவே முதலில் ஒதுக்க வேண்டியது பருத்தி. ஈரத்தை உறிஞ்சி, காயாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு குளிரவைக்கும். வேட்டியும் பருத்திப் புடவையும் கப்பலுக்குள் இருக்கட்டும். கரையில் இறங்க கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன் மேல் ஒரு கம்பளிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே நீர் புகாத கோட்டும் கால்சட்டையும். ரப்பர் படகில் போகும்போது அலை தெறிக்கும். முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கவும் நேரும். கோட்டையும் ரப்பர் பூட்ஸையும் பல கப்பல்களில் அவர்களே தருகிறார்கள். கேட்டுக்கொண்டு கடைக்குப் போனால் சில ஆயிரங்கள் மிச்சம். கையுறை இரண்டு ஜோடி, கறுப்புக் கண்ணாடி, வெயில் களிம்பு அவசியம். டிரேக் ஜலசந்தியைக் கடக்கும் இரண்டு நாளுக்கு வாந்தி மாத்திரையும் வேண்டும். வழக்கமான மருந்துகளைக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கப்பலில் டாக்டர் உண்டு; மருந்துக் கடை கிடையாது.

பலர் கோட்டைவிடுவது ஒரு சின்ன மஞ்சள் அட்டையை. கப்பல் கிளம்புவது பெரும்பாலும் அர்ஜென்டினாவின் உஷுவாயாவிலிருந்து. அர்ஜென்டினா, மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு என்று இந்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே அட்டை செல்லும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் ஆபத்து கொஞ்சம் அதிகம் என்பதால் டாக்டரிடம் பேசாமல் போட்டுக்கொள்ளக் கூடாது. பென்குவினைப் பார்த்துவிட்டு வந்து பெங்களூர் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வது பெரிய அவஸ்தை.

இதையெல்லாம்விட முக்கியமானது, எதை எடுத்துப் போகக் கூடாது என்பது. 2007-08 பருவத்தில் அண்டார்க்டிகா போனவர்களின் உடை, பை, காலணிகளை விஞ்ஞானிகள் சோதித்தார்கள். சராசரியாக ஆளுக்கு 9.5 விதைகள்! வேடிக்கை என்னவென்றால், சுற்றுலாப் பயணிகளைவிட விஞ்ஞானிகளும் களப்பணியாளர்களும்தான் அதிகம் சுமந்தவர்கள். வீட்டுத் தோட்டத்தில் சாதாரணமாக முளைக்கும் ஒரு வகைப் புல், 1980களின் நடுப்பகுதியிலேயே கிங் ஜார்ஜ் தீவில் போலந்து நாட்டு நிலையத்தின் அருகே வேரூன்றிவிட்டது. பிடுங்கப் பிடுங்க வருகிறது. பூக்கும் தாவரம் என்று அந்தக் கண்டத்துக்குச் சொந்தமானவை இரண்டே இரண்டு. அந்நியத் தாவரத்தையும் கிருமி நீக்காத மண்ணையும் அங்கே கொண்டுபோவதை இந்தியாவின் 2022ஆம் ஆண்டு அண்டார்க்டிக் சட்டமும் தடுக்கிறது.

சாமுண்டி மலைப் படியேறிய அதே காலணியோடு கிளம்ப முடியாது என்று அர்த்தம். பறவைக் காய்ச்சல் வேறு. 2024 பிப்ரவரியில் அது அண்டார்க்டிக் நிலப்பகுதியிலும் உறுதியானது. கரையில் உட்காரக் கூடாது, பையைத் தரையில் வைக்கக் கூடாது. எனவே கைப்பை வேண்டாம். முதுகில் மாட்டும் பைதான் சரி. முழங்கால் வலிக்காரர்கள் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று இங்கேயே யோசித்துக்கொள்ள வேண்டும்.

புளியோகரைப் பொடி? கரையில் எதையும் சாப்பிட அனுமதி இல்லை. மைசூர்ச் சாப்பாடு அந்தக் கண்டத்துக்குப் புதிதல்ல. சித்தார்த்தநகரில் இருக்கும் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிக்கூடம் இந்திய அண்டார்க்டிக் குழுக்களுக்கு உணவு தயாரித்துக் கொடுத்திருக்கிறது. அது அரசாங்கப் பயணம். டிக்கெட் வாங்கிப் போகிறவர் கடுகும் வெந்தயமும் முழுசாக இல்லாததாகப் பார்த்து எடுத்துவைப்பது நல்லது. வழியில் சுங்கத்திலும் கேட்பார்கள்.

தரையிறங்கும் முன் கப்பலிலேயே பயணிகளின் பை, கோட்டு, காலணிகளைச் சோதித்து, தூசு உறிஞ்சியால் சுத்தம் செய்கிறார்கள். ஒட்டும் பட்டைகளின் இடுக்கைக் குறடு கொண்டு பார்ப்பதும் உண்டு. விஜயநகர் தம்பதி இதை வீட்டிலேயே தொடங்கிவிடலாம். பழைய முதுகுப் பையைத் தலைகீழாக உதறினால் போதும். கட்டில் விரிப்பில் என்னென்ன விழுகிறது என்று பார்க்கலாம்.